கால்துரையும் கிராவல் லோடும்

ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் நடுவில் எனக்கு ஒரு மனை உண்டு. வெயில் காலத்தில் அது மனை; ஐப்பசி கார்த்திகையில் குட்டை. இந்த இரட்டை வேஷத்துக்கு ஒரு முடிவு கட்டலாம் என்று போன மாசியில் நாலு டிப்பர் கிராவல் அடித்தேன். மூன்றாவது லோடு கொட்டும்போது உள்ளங்கை அகலக் கல் ஒன்று உருண்டு வந்து என் செருப்பை முட்டி நின்றது. ஒரு முனை கூர். மறுமுனை கைக்கு அடக்கமான உருண்டை. இரண்டு பக்கமும் யாரோ சில்லுசில்லாகப் பெயர்த்தெடுத்த மாதிரித் தழும்பு.

எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். டிப்பர்காரர் கண்ணாடியை இறக்கி, "இன்னா சார், வைரமா?" என்றார்.

"கோடாலி மாதிரி இருக்குப்பா."

"அதெல்லாம் லோடுக்கு ஒண்ணு ஃப்ரீ சார்" என்று சொல்லிவிட்டு நாலாவது நடைக்குப் போய்விட்டார்.

வீட்டில் அவ்வளவு பெருந்தன்மை கிடைக்கவில்லை. "மனைக்கு மண்ணு அடிக்கப் போன மனுஷன், மனையில இருந்து கல்லத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே? வெளிய போனா வெறுங்கையோட வரவே தெரியாதா உங்களுக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வட்டாரத்தில் இதைக் கேட்ட முதல் மனைவி என் மனைவியாக இருக்க முடியாது. நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால், மெட்ராஸில் ஒரு வெள்ளைக்கார வீட்டு வாசலில், செம்மண் படிந்த பூட்ஸும் கல் மூட்டையுமாக வந்து நின்ற ஒரு புருஷனைப் பார்த்து, ஒரு பாதிரியார் மகள் இதே கேள்வியை இங்கிலீஷில் கேட்டிருப்பார் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் கல்யாணமானவர்கள் யாரும் இதற்கு ஆதாரம் கேட்க மாட்டார்கள்.

அந்தப் புருஷனின் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1834இல் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தவர். ஃபுட் என்றால் கால். இங்கிலீஷில் எழுதும்போது கடைசியில் ஒரு 'இ' எழுத்தும் உட்கார்ந்திருக்கும். உச்சரிப்பில் அதற்கு எந்த வேலையும் கிடையாது, சில கம்பெனிகளில் இருக்கும் துணைப் பொது மேலாளர் மாதிரி. இனி இந்தக் கட்டுரை முடியும்வரை அவரைக் கால்துரை என்றே சொல்லப்போகிறேன். பெயரும் கால், பிழைப்பும் கால். வேறு யாருக்கு இப்படிப் பொருந்தும்?

1858. கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த வருஷம். (இப்போது எங்கள் பக்கம் மறுபடியும் கம்பெனி ஆட்சிதான். ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டு.) அந்த வருஷம்தான் கால்துரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து மெட்ராஸ் வந்தார். துறையை ஆரம்பித்த காரணம் விஞ்ஞான தாகம் என்று புத்தகங்களில் இருக்கும். உண்மையான தாகம் நிலக்கரி. ரயில் ஓட வேண்டும், கப்பல் ஓட வேண்டும். எங்கே தோண்டினால் கரி கிடைக்கும் என்று சொல்ல ஆள் வேண்டும். அதற்காக நாலைந்து இளைஞர்களைப் பிடித்து, கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்து, தென்னிந்தியாவை நடந்து பார்த்து வரைபடம் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கால்துரையின் கூட்டாளி வில்லியம் கிங். ஒருவர் கால், ஒருவர் ராஜா. எந்த நாடகக் கம்பெனியும் இதைவிட நல்ல ஜோடியைப் போட்டிருக்க முடியாது.

வேலை எப்படி? பனிக்காலம் வந்ததும் கூடாரம், மாட்டுவண்டி, குதிரை, சமையல்காரர் சகிதம் கிளம்ப வேண்டியது. கோடை முற்றியதும் திரும்பி வந்து அறிக்கை எழுத வேண்டியது. நடுவில் உள்ள மாதங்களில் கண்ணில் பட்ட பாறையை எல்லாம் தட்டிப் பார்க்க வேண்டியது. ஊர்க்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஒரு துரை வருகிறார், கிணறு வெட்டிய மண்ணைக் கிளறுகிறார், ஓடையில் இறங்குகிறார், சும்மா கிடக்கிற கல்லை ஓங்கி ஒன்று வைக்கிறார், உடைந்ததை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்க்கிறார், நோட்டில் எழுதுகிறார், போய்விடுகிறார். புதையல் எடுக்க வந்தவன் என்று பாதிப் பேரும், வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று மீதிப் பேரும் சொல்லியிருப்பார்கள். இரண்டு கட்சியும் முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது.

1863 மே 30. கத்திரி முடிந்துவிட்டதாகப் பஞ்சாங்கம் சொல்லும் நாள். பல்லாவரம் சொல்லாது. அந்த வெயிலில், பல்லாவரம் கன்டோன்மென்ட்டின் பரேடு மைதானத்தில் சரளை எடுத்த குழி ஒன்றைத் துரை எட்டிப் பார்க்கிறார். சரளை என்றால் நம் கிராவல்தான். அன்றைக்கும் ரோடு, அன்றைக்கும் குழி. தோண்டி வீசிய குவியலில் ஒரு கல். யாரோ வேண்டுமென்றே செதுக்கிய கல். வேறு ஆளாக இருந்தால் எடுத்துத் தெருநாய் மேல் எறிந்திருப்பான். துரையின் மண்டையில் மட்டும் மணி அடித்தது. ஏனென்றால் நாலு வருஷம் முன்பு, 1859இல், பிரான்சின் சோம் நதிக்கரையில் கிடைத்த செதுக்குக் கற்களை இங்கிலாந்திலிருந்து பெரிய நிபுணர்கள் நேரில் போய்ப் பார்த்து, 'ஆமாம், இது மனிதன் செய்ததுதான். அழிந்துபோன யானைகள் காலத்தவை' என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பா முழுக்க அதே பேச்சு. அந்தக் கல்லின் சித்தப்பா பிள்ளை பல்லாவரத்தில் கிடக்கிறது!

துரைக்கு அப்போது வயது 28. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்று கையில் கல்லோடு சொன்ன முதல் ஆள் அவர். இன்றைக்கு அந்த இடத்துக்குப் பக்கத்தில் விமானம் இறங்குகிறது. ஒரகடத்தில் வேலைக்குச் சேர வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் பல்லாவரத்தில் பஸ் மாறும்போது தண்ணீர் பாட்டில் வாங்குகிறார்கள். கீழே குனிந்து பார்ப்பவர் எவரும் இல்லை. குனிந்தால் பஸ் போய்விடும்.

அதே வருஷம் செப்டம்பரில் துரையும் ராஜாவும் வடக்கே கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் போனார்கள். அத்திரம்பாக்கம் ஓடையில் இறங்கினால், ஒன்று இரண்டு கிடைக்கவில்லை. கருவிகள் கொட்டிக் கிடந்தன. கைக்கோடரி, வெட்டுக்கத்தி, சுரண்டி, செதுக்கும்போது தெறித்த சில்லு. அதாவது மாலும் இருந்தது, ஸ்கிராப்பும் இருந்தது. எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால் அது ஒரு ஷாப் ஃப்ளோர். பிற்பாடு வந்த ஆராய்ச்சியாளர்கள் இந்தச் செதுக்கு மரபுக்கு வைத்த பெயர் 'மெட்ராஸ் இண்டஸ்ட்ரி'. நான் இட்டுக்கட்டவில்லை. தொல்லியலில் ஒரே பாணியில் செய்த கருவிக் கூட்டத்தை 'இண்டஸ்ட்ரி' என்றுதான் சொல்வார்கள். சிப்காட்டுக்கு முன்னால், கும்மிடிப்பூண்டிக்கு முன்னால், முதலீட்டாளர் மாநாட்டுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் புகைப்படத்துக்கும் முன்னால், இங்கே இண்டஸ்ட்ரி இருந்தது. கோடரிக்கும் 'மெட்ராஸ் கோடரி' என்றே பெயர். வெளியூர்க்காரர்கள் மெட்ராஸைப் பற்றி நினைப்பதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது குடும்பத்துக்கு வருவோம். கால்துரை பெரிய குடும்பஸ்தர் என்று சொல்லிக்கொண்டு அவர் மாமனாரைப் பற்றிப் பேசாமல் இருந்தால் பாவம் வந்து சேரும்.

மாமனார் ரெவரெண்ட் பீட்டர் பெர்சிவல். தமிழ் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்ட் பாதிரியாராக இருந்தபோது பைபிளை நல்ல தமிழில் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தார். அதற்கு அவர் பிடித்த ஆள் யார்? ஆறுமுக நாவலர். காலையில் திருநீறு பூசிக்கொண்டு வந்து, பகல் முழுக்கப் பைபிளுக்குச் சந்தி பிரித்துக் கொடுத்து, மாலையில் வீட்டுக்குப் போய், கிறிஸ்தவ மிஷனரிகளை எப்படி எதிர்கொள்வது என்று யோசித்த மனிதர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டார்கள் என்பது தமிழ் உரைநடைக்கு வாய்த்த அதிர்ஷ்டம். பெர்சிவல் பிறகு மெட்ராஸ் வந்து, 'தினவர்த்தமானி' என்ற பத்திரிகை நடத்தி, பிரசிடென்சி கல்லூரியில் பாடம் சொன்னார். அந்தப் பத்திரிகையில் வேலை பார்த்தவர்தான் சங்கச் சுவடிகளைத் தேடி அச்சிட்ட சி.வை. தாமோதரம் பிள்ளை. கல்பொறுக்கிக்கு எப்பேர்ப்பட்ட சம்பந்தம் பாருங்கள்!

மாமனாருக்கும் ஒரு பொறுக்கும் வியாதி இருந்தது. அவர் பொறுக்கியது பழமொழி. ஊர் ஊராகக் கேட்டுச் சேர்த்து, இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு ஆறாயிரத்துக்கு மேல் அச்சிட்டார். மாமனார் பழமொழி, மருமகன் கல். இரண்டும் தெருவில் கேட்பாரற்றுக் கிடப்பவை. இரண்டையும் செய்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. இரண்டுமே புழங்கிப் புழங்கி முனை மழுங்கியவை. 'கல்லைக் கண்டால் நாயைக் காணோம்' என்று மாமனார் எப்போதாவது ஜாடையாகச் சொல்லியிருந்தால், மருமகன் அதில் முதல் பாதியைத்தான் காதில் வாங்கியிருப்பார்.

ராத்திரிச் சாப்பாட்டு மேசை கொஞ்சம் சிக்கலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்து இங்கிலீஷ் பைபிள்கள் பலவற்றில் ஆதியாகமம் பக்கத்து ஓரத்தில் உலகம் பிறந்த வருஷத்தையே அச்சடித்திருப்பார்கள்: கி.மு. 4004. மருமகன் மேசைமேல் வைக்கும் கல்லோ அந்தக் கணக்குக்கு அடங்காது. உப்பு ஜாடிக்கும் மிளகு ஜாடிக்கும் நடுவில், உலகத்துக்கு மூத்த கல் ஒன்று. மகள் என்ன செய்வாள்? "சூப் ஆறிப்போகுது" என்றுதான் சொல்வாள்.

அந்த மகள், எலிசபெத், துரைக்கு முதல் மனைவி. இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். துரை பிறகு மறுமணம் செய்துகொண்டார். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை. அந்த நூற்றாண்டில் மெட்ராஸ் வெயிலும் காய்ச்சலும் யாரிடமும் கிண்டலாக நடந்துகொள்ளவில்லை.

எங்கள் ஸ்ரீபெரும்புதூருக்கு வருகிறேன். இந்த ஊர் 1017இல் ராமானுஜரைப் பெற்ற ஊர். அவரும் நடந்தவர்தான், அதுவும் துரையை விட அதிகமாக. ஆனால் அவருக்கு இல்லறம் சரிப்படவில்லை. துறவு வாங்கிக்கொண்டு கிளம்பினார். வீட்டில் தங்காமல் இருக்கத் துறவு ஒன்றே வழி என்று நம்பிக்கொண்டிருந்த ஊருக்கு, மனைவி மக்களை வைத்துக்கொண்டே வருஷத்தில் பாதி நாள் வீட்டுக்கு வராமல் இருக்கலாம், அதற்குச் சம்பளமும் வாங்கலாம் என்று காட்டிக்கொடுத்தவர் கால்துரை. அந்த வழியில் இப்போது ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். ஓவர்டைம் என்று பெயர்.

பாலாற்றுக்கு வடக்கே உள்ள நாட்டை எல்லாம் துரை நடந்து முடித்து, 1873இல் துறையின் நினைவுக் குறிப்புத் தொகுதியில் அச்சிட்டார். அதில் நம் ஊர் மண்ணுக்குக் கீழே இருக்கும் படிவப் பாறைக்கு ஊர்ப் பெயரையே வைத்தார். அவருடைய எழுத்தில் அது 'ஸ்ரீபெர்மத்தூர்'. ஸ்தல புராணப்படி பூதங்கள் சாபம் நீங்கிய தலம் என்பதால் பூதபுரி, அதிலிருந்து பெரும்பூதூர் என்று வந்த பெயர். துரை நாக்கைச் சுழற்றிய சுழற்றலில் பூதம் எகிறிப்போய் 'மத்தூர்' மட்டும் தங்கிவிட்டது. மந்திரம் இல்லாமல் பூதத்தை ஓட்டிய முதல் ஆள்.

அந்தப் பாறை பார்ப்பதற்கு ஒன்றும் பெரிதாக இருக்காது. வெளிறிய வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, விரலால் அழுத்தினால் ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறை. கிணறு வெட்டும்போது வரும். பழைய பலகாரம் மாதிரி உதிர்ந்துவிடும் என்று கிணறு வெட்டுகிறவர்களுக்கு அதன்மேல் மரியாதை கிடையாது. ஆனால் ஏட்டைப் பிரித்தால் உள்ளே இலை. பெரணி, ஊசியிலை மரம், ஈந்துப்பனை மாதிரியான ஓலை. புத்தகத்துக்குள் மயிலிறகு வைத்த மாதிரி நரம்பு நரம்பாக அச்சு விழுந்திருக்கும். பத்துக் கோடி வருஷத்துக்கும் முந்தைய இலை. கூடவே கடல் பிராணிகளின் ஓடுகளும், நத்தை மாதிரிச் சுருண்ட அம்மோனைட்டுகளும். அதாவது ஸ்ரீபெரும்புதூர் அன்றைக்குக் கடற்கரை. இன்றைக்கு இங்கே மனை விற்கிறவர்கள் 'ஏர்போர்ட்டிலிருந்து முப்பதே நிமிடம்' என்று ஏதேதோ சொல்கிறார்கள். 'பீச் வியூ' என்று போட்டிருந்தால் நிலவியல்படி வழக்கே போட முடியாது. கொஞ்சம் தாமதமாக வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

துரை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாரா என்றால், இல்லை. கல் கோடரிகள் புதைந்து கிடந்த இந்தச் செம்மண் சரளையைக் கடல் கொண்டுவந்து போட்டது என்று நினைத்தார். மேற்கே கடல், கிழக்கே கடல், எங்கும் கடல். அந்தக் காலத்து நிலவியலாளர்களுக்குக் கடல்மேல் ஒரு சபலம். பின்னால் வந்தவர்கள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இது மழையும் ஓடையும் அடித்துக்கொண்டு வந்த மண்தான் என்றார்கள். இந்த வட்டாரத்தில் ஒரு டிசம்பரைக் கழித்தவர்களுக்கு இது ஆராய்ச்சி தேவைப்படாத விஷயம். 2015இல் அடையாறு எங்கள் பக்கத்து ஏரிகளிலிருந்து எதை எதை அடித்துக்கொண்டு போனது என்று பார்த்தவர்கள் நாங்கள். துரையும் ஒரு கார்த்திகையில் வல்லம் பக்கம் மனை வாங்கியிருந்தால் கடல் கொள்கையை அன்றே கைவிட்டிருப்பார். அல்லது, யோசித்துப் பார்த்தால், இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பார்.

பிள்ளை வளர்ப்பில் துரையின் முறையே தனி. இன்றைய அப்பாக்கள் மகனை நீச்சல் வகுப்புக்கும் கராத்தே வகுப்புக்கும் அனுப்புகிறார்கள். துரை தன் மகனைக் குகைக்கு அனுப்பினார்.

நடந்தது இது. கர்நூல் பக்கம் பேதஞ்செர்லாவுக்கு அருகில் பில்ல சுர்கம் என்று சுண்ணாம்புப் பாறைக் குகைகள். 1840களில் நியூபோல்டு என்ற ராணுவ கேப்டன் அங்கே பழைய எலும்புகள் இருப்பதாக எழுதிவிட்டுப் போனார். நாற்பது வருஷம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு லண்டனில் டி.எச். ஹக்ஸ்லிக்கு, டார்வினுக்காக ஊரெல்லாம் சண்டை போட்டாரே அவருக்கு, அந்தக் குகையில் மனிதனின் பழைய கதை ஏதாவது இருக்கலாமே என்று தோன்றியது. அவர் மெட்ராஸ் கவர்னர் கிராண்ட் டஃபிடம் சொல்ல, கவர்னர் கால்துரையிடம் சொல்ல, துரை கொஞ்ச நாள் தோண்டிவிட்டு, மிச்ச வேலையைத் தூக்கி மகன் ஹென்றியிடம் கொடுத்துவிட்டார். மகன் பீரங்கிப் படையில் லெப்டினன்ட். பீரங்கி சுடப் பயிற்சி எடுத்த பிள்ளை, 1884இலும் அடுத்த வருஷமும், வௌவால் எச்சத்துக்கு நடுவில் உட்கார்ந்து அப்பா சொன்னபடி அடி அடியாக மண்ணை அள்ளிச் சலித்துக்கொண்டிருந்தது. காண்டாமிருகம், கழுதைப்புலி என்று கர்நூலில் இப்போது கனவில்கூட வராத மிருகங்களின் எலும்புகள் வந்தன. செதுக்கிய எலும்புக் கருவிகளும் வந்தன.

அந்த எலும்புக் கருவிகளை அப்போது பலர் நம்பவில்லை. 'அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து நாய் கடித்த எலும்பைக் கருவி என்கிறார்கள்' என்கிற ரீதியில் தலையாட்டிவிட்டுப் போனார்கள். 1970களில் அதே கர்நூல் வட்டாரக் குகைகளில் மறுபடி தோண்டியபோது எலும்புக் கருவிகள் கிடைத்தன. அப்பா பேச்சைக் கேட்டது சரிதான் என்று மகனுக்குத் தெரியவர ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. பொதுவாக ஆகிற காலம்தான்.

மகனும் அப்பாவும் கடிதத்தில் பேசிக்கொண்டது எலும்பைப் பற்றித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா எனக்கு எழுதிய கடிதங்களில் மாட்டுக்குக் கன்று பிறந்த செய்தியும் மணி ஆர்டர் அனுப்பிய செய்தியும் தவிர வேறு ஒன்றும் இருக்காது. பாசம் என்பதை ஆண்பிள்ளைகள் மாடு வழியாகவோ எலும்பு வழியாகவோதான் அனுப்புவார்கள் போல.

துறையிலிருந்து 1891இல் ஓய்வு. முப்பத்து மூன்று வருஷ நடை. சரி, இனி வீட்டில் இருப்பார் என்று மனைவி நினைத்திருந்தால் அது அவருடைய தப்பு. பரோடா சமஸ்தானம் கூப்பிட்டது, போனார். மைசூர் கூப்பிட்டது, போனார். நடுவில் ஏற்காட்டில் குடியேறினார். மாமனார் பெர்சிவலும் கடைசிக் காலத்தில் ஏற்காட்டுக்கு வந்து 1882இல் அங்கேதான் கண்ணை மூடினார். ஆக மாமனார் இருந்த மலைக்கே மாப்பிள்ளை. வீட்டுக்கு வராத மாப்பிள்ளை கடைசியில் வீட்டோடு மாப்பிள்ளை கணக்கில் வந்து சேர்ந்தார்.

அந்த வீட்டில் எங்கே உட்காருவார்கள், எங்கே சாப்பிடுவார்கள் என்பது எனக்குப் பெரிய புதிர். நானூற்றுச் சொச்சம் இடங்களில் நாற்பது வருஷம் பொறுக்கிய கற்கள், பானை ஓடுகள், இரும்புத் துண்டுகள். 1904இல் மொத்தச் சேகரிப்பையும் மெட்ராஸ் அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிக்கொண்டது. வண்டி வந்து மூட்டைகளை ஏற்றிய அன்று, ஏற்காட்டில் ஒரு பெண்மணி காப்பி ஆற்றிக்கொண்டே விட்ட பெருமூச்சு சேலம் வரைக்கும் கேட்டிருக்கும். அந்தக் கற்கள் இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. துரை உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பட்டியல் எழுதினார். அது அச்சாகி வந்தது 1914இல். ஆனால் அவர் 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் போய்விட்டார். வயது 78. கடைசிவரை தன் வேலையை ஒழுங்காகக் கட்டி முடித்து, பில் வருவதற்குள் கிளம்பிவிட்ட ஒப்பந்தக்காரர்.

அவர் பார்க்காமல் போன ஒரு விஷயம் உண்டு. கோடரிகள் பழையவை என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு பழையவை என்று அவர் காலத்தில் அளக்க வழி இல்லை. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் வருஷக்கணக்கில் மண்ணை வழித்து வழித்துத் தோண்டினார்கள். அடியில் கிடந்த கைக்கோடரிகளின் வயது சராசரியாகப் பதினைந்து லட்சம் வருஷம் என்று 2011இல் அறிவித்தார்கள். சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்னால் அங்கே கோடரி மாடல் நின்று, சில்லுகளைத் திட்டமிட்டுப் பெயர்த்தெடுக்கும் புது நுட்பம் வந்துவிட்டது என்று 2018இல் சொன்னார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே மாடல், பதினோரு லட்சம் வருஷம் உற்பத்தியில். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்ததும் நாங்கள் வாயைப் பிளந்தோம். அந்த மாடல் இப்போது இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்தது. கீழே போட்டால் தரை உடையும், போன் உடையாது என்று பெருமைப்பட்டோம். 2014இல் பூட்டிவிட்டுப் போனார்கள். எட்டு வருஷம். கல்லை விடக் கெட்டியான சாமான் செய்தும் என்ன பயன், கல்லோடு போட்டி போட முடியுமா? கோடரிக்கு சார்ஜர் வேண்டாம், சிம் வேண்டாம், ரோட்டோரக் கிராவல் போதும். விற்பனைக்குப் பிந்தைய சேவை என்றால், முனை மழுங்கினால் இன்னொரு சில்லு தட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் அத்திரம்பாக்கம், நமக்கு என்ன என்று ஒரகடத்துக்காரர்கள் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தோம். 2022இல் அந்தக் குலுக்கலும் நின்றது. ஒரகடத்துக்குப் பக்கத்து வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை குழி வெட்டியது. முக்கால் மீட்டர் ஆழம்கூட இருக்காது. கைக்கோடரி, சுரண்டி, வெட்டுக்கருவி என்று கல் சாமான்கள். சுமார் பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே கருவி செய்யும் கூடம் இருந்திருக்கலாம் என்றார்கள். மேல் அடுக்கில் கண்ணாடி மணிகள், துளித் தங்க நகைகள், ரோமாபுரி மதுச் சாடியின் உடைந்த ஓடுகள். அதாவது வெளிநாட்டு வர்த்தகமும் இருந்திருக்கிறது, கம்பெனிப் பார்ட்டியும் இருந்திருக்கிறது.

அன்று எங்கள் கேன்டீனில் இதுதான் பேச்சு. லைனில் வேலை பார்க்கிற ஒரு தம்பி, விழுப்புரம் பக்கத்துப் பிள்ளை, சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "அண்ணே, அந்தக் காலத்துல அங்க வேல பாத்தவனுங்க பெர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" நாலு மேசை சிரித்தது. மனிதவளப் பிரிவு உட்கார்ந்திருந்த மேசை மட்டும் சாம்பாரைக் கவனமாகப் பார்த்தது.

துரை இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? வடக்குப்பட்டுக்கு நடந்தே போயிருப்பார். ஒரகடம் சந்திப்பில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே, சுத்தியலும் தொப்பியுமாக, ஃபிளைஓவரின் தூணில் என்ன ஜல்லி போட்டிருக்கிறார்கள் என்று தட்டிப் பார்த்துக்கொண்டு. செக்யூரிட்டி வந்து, "ஐடி கார்டு எங்க சார்?" என்று கேட்டிருப்பார். துரை பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டியிருப்பார்.

என் கல்லுக்கு வருகிறேன். போட்டோ எடுத்து, தொல்லியல் படித்த நண்பர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் நீலக் குறிகூட வரவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது: 'இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஜேசிபி பல் பட்டாலும் இப்படிப் பெயரும். எந்தக் குழியில் எடுத்த கிராவல் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.' டிப்பர்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். எந்த ஏரி, எந்தக் குழி என்ற பேச்சை எடுத்ததும் அவர் குரல் மாறியது. "சார், எனக்கு வீட்ல புள்ளைங்க இருக்கு சார்" என்று வைத்துவிட்டார். பர்மிட் பற்றி விசாரிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம்.

ஆக, என் கல் பதினைந்து லட்சம் வருஷமா, போன வாரமா என்பது அந்த மனிதரின் பர்மிட்டோடு கட்டப்பட்டு நிற்கிறது. கொஞ்ச நாள் டிவி மேல் வைத்திருந்தேன். பிறகு புத்தக அலமாரிக்குப் போனது. ஒரு நாள் காணோம்.

தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனால், மேடையில், நனைந்து, பளபளவென்று, இஞ்சி வாசனையோடு இருக்கிறது.

"இதையா தேடுறீங்க? மிக்ஸி ஜார் ரிப்பேர். இந்தக் கல்லு நல்லா கையில அடங்குது. ஒரே தட்டு, இஞ்சி பூண்டு ரெண்டும் நசுங்கிடுச்சு" என்றாள் என் மனைவி. "இதே மாதிரி இன்னொண்ணு கெடைக்குமா? அம்மாவுக்குக் குடுக்கணும்."

நாளைக்கு எனக்கு பி ஷிப்டு. காலையில் சும்மாதான் இருப்பேன். பக்கத்து மனையில் ஆறு லோடு கொட்டி வைத்திருக்கிறார்கள்.